ஓவியர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தன என்பதை நம் கல்லூரித் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையால் வாடி எதிர்வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் சென்ற வழி இது, அவ்வழியில் உண்ணக் கிடைப்பது இது, அவ்வள்ளல் வாயிலில் நிற்கும் முறை இது என்று எடுத்துக் கூறி அவனைச் செலுத்துவதே ஆற்றுப்படையின் பொருள். (திருமுருகாற்றுப்படை அடியவனை இறைவன்பால் ஆற்றுப்படுத்துவது, அது வேறு.) வகுப்பில் இவற்றைப் பயிலுங்கால் நாம் பெரும்பாலும் வள்ளலின் புகழையே நோக்குகின்றோம், தேர்வு வினாக்களும் அதனையே நோக்குகின்றன. வழி கூறுபவனை நோக்குவாரில்லை. ஆயினும் அவனே அப்பாட்டின் உயிர். தான் பசித்ததை அவன் மறக்கவில்லை. பரிசிலைக் கையில் ஏந்திக்கொண்டு ஒதுங்கிப் போகவுமில்லை.

பாணனுக்கும் பொருநனுக்கும் கூத்தனுக்கும் ஆற்றுப்படை உண்டு. ஓவியனுக்கு உண்டா என்று தேடினால் பத்துப்பாட்டினுள் இல்லை. ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்று மதுரைக்காஞ்சி குறிக்கின்றது. அத்துணை அழகிய பெயரைப் பெற்றவர்க்கு வழி கூறும் பாட்டு ஒன்றும் வாய்க்கவில்லை. பாணன் யாழைத் தோளிலிட்டு எங்கும் செல்வான். ஓவியனுக்குச் சுவர் வேண்டும், வண்ணம் வேண்டும், அவை வாங்க முன்னரே பொருள் வேண்டும். அதுவே காரணம் என்று துணிந்து கூற யாம் முற்படவில்லை. அவனுடைய இடர் மற்றையோர் இடரினும் வேறுபட்டது என்ற அளவில் நிற்போம்.

இவ்வாராய்ச்சி எமக்கு நூலகத்தில் தோன்றியதன்று. எம் விடுதியில் அடுத்த அறையில் உறையும் நண்பர் ஒருவர் கணிதம் பயில்பவர். ஆயினும் அவர் கை கணக்கினும் சித்திரத்தையே நாடும். சென்ற ஆண்டுக் கல்லூரி விழாக் கண்காட்சியில், மழைக்குப் பிந்திய கடைத்தெருவை அவர் தீட்டியிருந்த நீர்வண்ணப் படமொன்று ஆயிரம் ரூபாய்க்கு விலைபோயிற்று. அன்று எமக்கெல்லாம் தேநீரும் வடையும் கிடைத்தன. பட்டம் பெற்றபின் ஓவியக் கல்லூரியிற் சேர விழைவதாக அவர் தம் தந்தையாருக்கு எழுதினார். தந்தையார் விடுத்த விடை ஒரு வினாவே: “மாதம் எவ்வளவு வரும்?” அவ்வினாவை நண்பர் அன்பற்றதென்று கொண்டு இரண்டு நாள் எவருடனும் பேசவில்லை. யாமும் முதலில் அவ்வாறே கொண்டோம். பின்னர் எண்ணிப் பார்க்கையில், அஃது ஆற்றுப்படை வேண்டி நிற்பவன் கேட்கும் வினாவே என்று பட்டது. விடை கூறவல்லார் எம்மிடை ஒருவருமில்லை என்பதே குறை.

கைத்திறனும் புகழும் இருந்தால் போதாதோ எனின், ரவிவர்மாவின் வரலாறு போதாது என்கின்றது. 1873-ஆம் ஆண்டிலே சென்னைக் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றவர் அவர். அவருடைய படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் பல படிகள் எடுப்பித்தால் நாடெங்கும் பரவும் என்று 1884-இல் அவருக்கு யோசனை கூறியவர், திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த மாதவராவ். யோசனை நல்லதே. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தாமே அச்சுக்கூடம் நிறுவினார். அப்படங்கள் இல்லாத வீடு அரிது என்னும்படி பரவின. ஆனால் அச்சுக்கூடமோ கடனில் ஆழ்ந்தது. பத்தாண்டு நிறையுமுன்னரே அதனை அங்குப் பணிபுரிந்த ஜெர்மானிய நிபுணர் ஒருவருக்கு விற்கவேண்டியதாயிற்று. செல்வமும் செல்வாக்கும் உடைய குடியிற் பிறந்தவர்க்கே இந்நிலை. என்ன செய்யலாம் என்று கூறுபவர் ஒருவர் இருத்தல் வேறு. செய்யத் தொடங்கியபின் நாள்தோறும் அருகிருந்து வரவுசெலவைக் காட்டிக் கொடுப்பவர் இருத்தல் வேறு. ஆற்றுப்படுத்துதல் என்று யாம் கருதுவது இரண்டாவதையே.

நிற்க. அவ்வாறு அருகிருந்து வழிகாட்டிய ஆசிரியர் ஒருவர் சென்னையிலேயே இருந்தார். அவரைக் கூறுமுன் அவர் பணிசெய்த கலாசாலையைப் பற்றிச் சில சொற்கள். இன்று அரசு கவின்கலைக் கல்லூரி எனப்படும் அதனை 1850-இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர். நெடுங்காலம் அது தொழிற்பள்ளியாகவே விளங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு அலுமினியப் பாத்திரங்கூடச் செய்து விற்றனர். (அக்காலத்தில் ஓவியம் பயிலச் சென்றவர் பாத்திரத்தின் ஓசையிடையே பயின்றனர் போலும்!) 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைவராக வந்தபின் ஓவியமும் சிற்பமும் அங்கு முதலிடம் பெற்றன. கடற்கரையில் உழைப்பாளர் சிலையைக் காண்போர் அவர் கைத்திறனைக் காண்கின்றனர்.

அவரிடம் பயின்று, அவருக்குப்பின் 1957-இல் தலைமை ஏற்றவரே கே. சி. எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரிற் பிறந்த இவர், இளமையிலேயே குடும்பப் பாரம் தோளில் விழக் கல்லூரிப் படிப்பை இடையில் விட்டுத் தந்தி இலாகாவில் ஊழியம் பார்த்தார். இருபத்தைந்தாம் வயதிலேதான், 1936-இல், ஓவியப் பள்ளியில் மாணவராய் அமர்ந்தார். மாதச் சம்பளத்தின் அருமையை அறிந்து அதனை விட்டு வந்தவர் ஆதலின், மாணவர் முகத்தில் அவ்வச்சம் தோன்றுங்கால் அதனை இழிவாக எண்ணவில்லை. பிற்காலத்தில் தம் படங்களில் எழுத்துக்களையும் சாதகக் கட்டங்களையும் நிரப்பிப் புதுவழி கண்ட பெரிய ஓவியர் அவர். அதனை விரிப்பின் பெருகும்.

அவர் கண்டது இது. ஆண்டுகள் பல பயின்று வெளிவரும் மாணவனுக்குத் திறந்திருந்த வாயில்கள் மிகச் சில. பள்ளியில் சித்திர வாத்தியார் ஆகலாம். நெசவாளர் நிலையத்தில் கரை வரையலாம். விளம்பரக் கம்பெனியிலோ சினிமாப் பலகையிலோ கைபோடலாம். இவை இழிந்த தொழில்கள் அல்ல. ஆயின் பகல் முழுதும் பிறர் விருப்பத்துக்கு வரைந்த கை இரவில் தன் விருப்பத்துக்கு வரைதல் அரிது. சில ஆண்டுகளில் அவ்விருப்பமே மறந்துபோம். சென்னையில் அக்காலத்தில் ஓவியம் வாங்குவோரும் மிகக் குறைவு. வாங்குவோரை நோக்கி ஓவியத்தை வளைத்தால் ஓவியம் கெடும். வளைக்காவிடின் வயிறு காயும். இதற்குப் பணிக்கரும் மாணவரும் உடன் ஆசிரியரும் கூடிக் கண்ட வழி, ஓவியத்தை விற்காமல் வேறொன்றை விற்பது. ஓவியர் கைப்பணிச் சங்கம் ஒன்றை அமைத்து, நாளின் ஒரு பகுதியில் விலைபோகும் கைப்பணிகளைச் செய்து, எஞ்சிய பகுதியை எவர்க்கும் கட்டுப்படாத ஓவியத்துக்கு வைத்துக்கொள்ள முற்பட்டனர்.

அக்கைப்பணிகளுள் தலையாயது பத்திக் என்னும் மெழுகுச் சாயத்துணி. சாவகத் தீவினர் இதில் பெயர் பெற்றவர். செய்முறை எளிது, கைத்தேர்ச்சி எளிதன்று. வெண்துணியில் கோலம் வரைந்து, வெண்மையாகவே நிற்கவேண்டிய இடங்களில் உருக்கிய மெழுகைத் தூரிகையால் பூசுவர். பின் துணியை வெளிறிய சாயத்தில் தோய்த்து உலர்த்துவர். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அடுத்து, அவ்வெளிறிய நிறம் நிற்கவேண்டிய இடங்களையும் மெழுகால் மூடி அதனினும் ஆழ்ந்த சாயத்தில் தோய்ப்பர். இவ்வாறு மஞ்சளிலிருந்து செம்மைக்கும் கருமைக்கும் படிப்படியாகச் செல்லலாம், திரும்ப இயலாது. துணியைக் கசக்கினால் மெழுகு வெடித்து, அவ்வெடிப்பில் சாயம் நரம்புபோல் ஓடும். இறுதியில் கொதிநீரில் மெழுகைப் போக்குவர். கோட்டையும் நிறத்தையும் நன்குணர்ந்தவனுக்கு இது கைவரும். முதலீடு துணியும் மெழுகும் சாயமும் விறகுமே. ஓவியத்தை விலை கேட்க அஞ்சும் குடும்பத்தினரும் திரைச்சீலையோ மேசைவிரிப்போ வாங்குவர். இத்தெரிவைக் கண்டே யாம் பணிக்கரை மதிக்கின்றோம். ஓவியனைக் கடைக்காரனாக மாற்ற அவர் முயலவில்லை. அவனிடம் முன்பே இருந்த கைத்திறன் எத்தொழிலில் கூலி பெறும் என்று தேர்ந்தார்.

துணிகள் விற்றன. அவ்விற்பனைப் பணத்தைக்கொண்டே 1966-இல் சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினர். கடலோர மணற்பாங்கு அது. சோழமண்டலம் என்று அதற்குப் பெயரிட்டுக் குடிசைகள் அமைத்துக் குடியேறினர். பின்னர்த் தத்தம் வீடுகளைக் கட்டிக்கொண்டனர். வீட்டு வாடகை கலைஞனை விழுங்கும் முதற் பகை ஆதலின், நிலத்தை முதலில் வாங்கியது தேர்ந்த செயல். கண்காட்சிக் கூடமும் தொழிற்கூடமும் பொதுவில் இருந்தன. விற்பனையைச் சங்கம் பார்த்துக்கொண்டது. விலைபோன பொருளின் ஒரு பகுதி பொதுச் செலவுக்குச் சென்றது. இவ்வேற்பாட்டில் ஒவ்வொருவரும் வாங்குவோரிடம் தனித்து நின்று பேரம் பேசி நாண வேண்டுவதில்லை. ஓவியம் கற்பித்ததோடு தம் கடமை தீர்ந்ததென்று பணிக்கர் 1967-இல் ஓய்வு பெற்று ஊர் செல்லவில்லை. 1977-இல் மறையும்வரை அவர்களோடு தாமும் இருந்தார்.

துணி வரைந்து காலத்தை வீணாக்கினர் என்று குறை கூறுவாரும் உண்டு. விளைவைக் கொண்டே இதனை ஆராய்தல் தகும். நந்தகோபால், வாசுதேவ், சேனாதிபதி, கோபிநாத், ஹரிதாசன் முதலிய பலர் அங்கிருந்தே நாடறிந்த கலைஞராயினர். உலோகப் பணியில் பழகிய கை சிலர்க்குச் சிற்பத்துக்கும் வழி திறந்தது. அவர்தம் ஓவியங்களுக்கே விலை வரத் தொடங்கியபின் பலர்க்குக் கைப்பணியின் தேவை தானே குறைந்தது. விசுவநாதன் 1968-இல் பாரிஸ் சென்று அங்கேயே நிலைத்தார். வாசுதேவ் 1988-இல் பெங்களூர் சென்றார். பிரிந்து செல்லும் வலிமையைத் தந்ததும் அவ்விடத்தின் பயன் என்றே யாம் கொள்கின்றோம்.

ஆயினும் எல்லாம் இனிது முடிந்தது என்று எழுதினால் பொய்யாகும். அங்கு வாழ்ந்தவருள் ராமானுஜம் என்பார் மைக்கோட்டினால் மாட மாளிகைகளையும் பறக்கும் நாகங்களையும் தொப்பி அணிந்த தம் உருவையும் கனவுபோல் வரைந்தவர். ஆசிரியரின் அன்பு அவர்க்குக் குறைவின்றி இருந்தது. தங்க இடமும் இருந்தது. எனினும் முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில் 1973-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வருவாய்க்கும் உறையுளுக்கும் வழிகாட்டுவோன் எட்டமுடியாத துயரும் மனிதனுக்கு உண்டு. அவருடைய கோடுகளை நோக்குங்கால் எமக்குப் பேச்சு எழுவதில்லை.

சென்ற டிசம்பர் விடுமுறைக்கு முன் நண்பரை அழைத்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கம் சென்றோம். மணற்காடு நகரமாகிவிட்டது, சாலையில் வண்டிகளின் இரைச்சல். உள்ளே மரநிழலும் கற்சிற்பங்களும் 2009-இல் திறந்த அருங்காட்சியகமும் உள்ளன. நண்பர் ஓவியங்களைவிட அவற்றின் அருகில் இருந்த விலைச்சீட்டுக்களையே நெடுநேரம் நோக்கினார். பேருந்தில் மீளும்போது தம் கடைத்தெருப் படத்தின் கணக்கைப் பார்க்கவேண்டும் என்றார். தாளும் வண்ணமும் 300 ரூபாய், கண்ணாடியும் சட்டமும் 700, தீட்டிய நாள் நான்கு, நாளொன்றுக்கு உணவுக்கும் உறையுளுக்கும் 300 வீதம் 1,200, ஆக 2,200. அதனை 1,000 ரூபாய்க்கு விற்று, எமக்கு வடையும் வாங்கித் தந்திருக்கின்றார்! விற்றுக் கொடுக்கும் கூடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு கொடுப்பதாயின், 3,300 ரூபாய்க்கு விற்றாலன்றிக் கைமுதலே தேறாது. கணித மாணவர் ஒருவர் இதனை ஓராண்டு கழித்துக் கணக்கிட்டது வியப்பே. ஓவியத்துக்குக் கணக்குப் பார்த்தல் இழுக்கென்று அவரும் எண்ணியிருந்தார், யாமும் எண்ணியிருந்தோம்.

அக்கணக்கை அவர் ஒரு தாளில் தெளிவாக எழுதி, கைப்பணியாக என்ன செய்ய எண்ணுகின்றார் என்பதையும் கீழே குறித்து, தந்தையாருக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து விடை வந்தது. படிப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சட்டத்துக்கு எழுநூறு ரூபாய் மிகுதி, நம்மூர்த் தச்சர் பாதி விலைக்குச் செய்து தருவார், அளவை அனுப்புக என்றிருந்தது.