ஸ்கோர்போர்டில் ஏறாத வேலையை வைத்து முன்னேறுவது எப்படி?

சோழவரத்தில் ஷிஃப்ட் பஸ் ஏறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிறவர்களில் குவாலிட்டி, மெயின்டனன்ஸ், சேஃப்டி ஆட்கள் நிறைய. இவர்கள் வேலையைச் சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. மெஷின் நிற்காது, கஸ்டமர் கம்ப்ளைன்ட் வராது. ஒன்றும் நடக்காததற்கு யார் இன்கிரிமென்ட் தருவார்கள்? அப்ரைசலில் ப்ரொடக்‌ஷன்காரர் நம்பரைக் காட்டி முந்திவிடுவார். நீங்களும் முந்தலாம். அதற்கு ஜெர்ரி ஸ்லோனின் கரியரைப் படியுங்கள்.

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் 1966 முதல் பத்து சீசன் சிகாகோ புல்ஸுக்கு ஆடியவர். டிஃபென்ஸ்தான் அவர் பலம். ஆனால் பந்தைப் பறித்ததையும் ஷாட்டைத் தடுத்ததையும் அந்த லீக் எண்ண ஆரம்பித்ததே 1973-74 சீசனில்தான். அவர் உழைப்பில் பெரும்பகுதிக்குக் கணக்கே கிடையாது. அப்படியும் நான்கு முறை ஆல்-டிஃபென்ஸ் முதல் அணியில் இடம்பிடித்தார். 1978-இல் அவருடைய 4-ஆம் நம்பர் ஜெர்சிக்கு கிளப் ஓய்வு கொடுத்தது. புல்ஸில் அந்த கௌரவம் பெற்ற முதல் ஆள் அவர்தான்.

1. ஓட்டு யார் கையில் என்று பாருங்கள். ஆல்-டிஃபென்ஸ் அணிக்கு ஓட்டுப் போட்டவர்கள் கோச்கள். சொந்த அணி ஆளுக்கு யாரும் போட முடியாது. ஸ்லோனிடம் மாட்டி அவஸ்தைப்பட்டவர்களே அவருக்குப் போட்டார்கள். உங்களுக்கு அந்த ஓட்டு அடுத்த டிபார்ட்மென்டிலும் கஸ்டமர் ஆடிட்டரிடமும் இருக்கிறது. அவர்கள் ஒரு மெயிலில் உங்கள் பெயரைக் குறிப்பிட்டால், உங்கள் பாஸ் பத்து முறை புகழ்வதைவிட எடை அதிகம்.

2. தடுத்ததை எழுதிவையுங்கள். இதுதான் முக்கியம். பிரஸ் ஷாப்பில் ஷிஃப்ட் தொடங்கியதும் முதல் பீஸை எடுக்கிறீர்கள். ஓரத்தில் விரல் வைத்தால் பர் உரசுகிறது. கேஜ் உள்ளே போகவில்லை. லைனை நிறுத்தி டையைப் பார்க்கச் சொல்கிறீர்கள். ஆபரேட்டர் முறைப்பார், சூப்பர்வைசர் டார்கெட் போச்சு என்று கத்துவார். அரை மணி நேரம் கழித்து எல்லாரும் மறந்துவிடுவார்கள். நீங்கள் மறக்கக் கூடாது. தேதி, பார்ட் நம்பர், என்ன கோளாறு, விட்டிருந்தால் அந்த ஷிஃப்டில் எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆகியிருக்கும், அதற்கு எத்தனை ரூபாய் என்று அன்றே குறித்துவிடுங்கள். மேனேஜ்மென்டுக்குப் புரியும் பாஷை அந்த ரூபாய்தான். லீக் எண்ணாவிட்டால் நீங்களே எண்ணுங்கள்.

3. அடி வாங்க முன்கூட்டியே போய் நில்லுங்கள். வேகமாக வரும் ஆட்டக்காரரின் பாதையில் ஸ்லோன் முன்பே காலை ஊன்றி நிற்பார். நெஞ்சில் மோதல் விழும், ஃபவுல் எதிரணிக்கு, பந்து நம் அணிக்கு. மோதின பிறகு வந்து நின்றால் ஃபவுல் நம் மேல்தான். கெட்ட செய்தியும் அப்படித்தான். ரிவ்யூ மீட்டிங்கில் மாட்டுவதற்கு முன் நீங்களே பாஸிடம் போய்ச் சொல்லுங்கள்.

4. ஒரு படி இறங்கத் தயங்காதீர்கள். 1979-இல் புல்ஸ் கோச் ஆனவரை 1982-இல் அதே கிளப் நீக்கியது. அங்கே ஆடி, முழங்காலைப் பாழாக்கிக்கொண்டவர் என்று யாரும் பார்க்கவில்லை. கம்பெனி விசுவாசத்தை நம்பி உட்காராதீர்கள். அவர் யூட்டா ஜாஸ் கிளப்பில் ஆள் தேடும் ஸ்கவுட்டாகச் சேர்ந்தார். பிறகு உதவி கோச். 1988 டிசம்பரில் தலைமைக் கோச். இரண்டு அணிகளிலும் சேர்த்து 1,221 வெற்றிகள். 1997, 1998 ஃபைனல்களில் பழைய புல்ஸிடமே தோற்றார். 'சிறந்த கோச்' விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. ஹால் ஆஃப் ஃபேம் 2009-இல் கிடைத்தது.

5. ஆடத் தெரிவதும் ஆட்டுவிப்பதும் வேறு வேறு ஸ்கில். சென்னை அனிதா பால்துரை 19 வயதில் இந்திய மகளிர் கூடைப்பந்து அணி கேப்டன் ஆனவர், 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டவர். அவரும் ஆடி முடித்துப் பயிற்சி கொடுக்க வந்தவர்தான். நம் நாட்டில் கோச் ஆக விரும்பும் ஆட்டக்காரர்கள் பாட்டியாலா என்ஐஎஸ்-இல் டிப்ளமோ படிக்கிறார்கள். ஐடிஐ முடித்து சூப்பர்வைசர் நாற்காலியைக் குறிவைக்கிறவரும் இன்டர்னல் ஆடிட்டர் கோர்ஸ் மாதிரி ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

6. உங்கள் இடத்துக்கு ஆள் தயார் செய்யுங்கள். 2011 பிப்ரவரியில், சீசன் நடுவில் ஸ்லோன் விலகினார். பல வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவி கோச் டைரோன் கார்பின் உடனே பொறுப்பேற்றார். “இவரை மாற்றினால் லைன் படுத்துவிடும்” என்று பெயர் வாங்கினால், ப்ரமோஷன் லிஸ்டில் உங்கள் பெயரை முதலில் அடிப்பது உங்கள் மேனேஜர்தான். இந்த மாதமே அப்ரென்டிஸ் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, முதல் பீஸை அவரைச் செக் செய்ய விடுங்கள்.