மீன் பிடிக்கச் சேர்ந்த சங்கம்

ஏரி குத்தகை எடுத்து மீன் வளர்க்கும் குழுக்களில், குஞ்சு மீனைப் பிடிக்கலாமா என்று சண்டை வருவதைப் பார்க்கிறோம். ஊட்டியில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு.

1877-ல் அங்கே வேட்டையிலும் தூண்டிலிலும் ஆசை கொண்ட வெள்ளைக்காரத் துரைமார் ஒரு பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். பிடிக்கிறவர்களே பாதுகாக்கவும் சேர்ந்தது வேடிக்கைதான்! கண்டபடி பிடித்தால் அடுத்த வருஷம் ஒன்றும் மிஞ்சாது என்று அவர்களுக்குப் புரிந்துபோச்சு. 1879-ல் நீலகிரிக்கென்றே சட்டம் வந்தது: சில மாதங்கள் பிடிக்கக் கூடாது, மற்ற நாளில் உரிமம் வேண்டும்.

1860-களில் சீமையிலிருந்து டிரௌட் மீனைக் கொண்டுவர முயன்றார்கள், நிலைக்கவில்லை. 1900-க்குப் பிறகு எச்.சி. வில்சன் முயற்சியில், அவலாஞ்சியில் குஞ்சு பொரித்து ஓடையில் விட்ட பிறகுதான் பெருகியது. நாற்பது வருஷப் பொறுமை!

1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டை நின்றது. சங்கம் இன்று வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கமாக இருக்கிறது.

எங்களுக்கு உறுத்துவது ஒன்றுதான். விதி எழுதியவர்கள் துரைமார். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இல்லை. உங்கள் ஏரிக்கு விதி எழுதும்போது வலை இழுக்கிற அக்காமாரும் உட்காரட்டும். எத்தனை மாதம் வலை போடக் கூடாது, எந்த அளவு மீனைத் திரும்ப விடணும் என்று பேசி, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.