அம்மா அப்பாவோடு மலைக்கு: முட்டி முதலில், ஊர் பிறகு

தாம்பரத்தை ஒட்டிய ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், செம்பாக்கம் பக்கம் விசாரித்துப் பாருங்கள். மலைக்குப் போய்வந்து ஒரு வாரம் படுத்தே கிடந்த பெரியவர் கதை வீட்டுக்கு ஒன்று இருக்கும். பழியை வயதின் மேல் போடுகிறோம். ஆனால் தவறு திட்டத்தில்தான். இரண்டு நாளில் பத்து 'பாயின்ட்' பார்க்கும் பட்டியல் இளவட்டங்களுக்கானது. உங்கள் குழுவில் யாருக்கு முட்டிவலி அதிகமோ, அவரை வைத்துத் திட்டம் போடுங்கள். 65 வயதைத் தாண்டியவர்களோடு முதல் மலைப்பயணம் என்றால் ஏற்காட்டுக்குப் போங்கள் என்பதே என் முடிவு.

செய்ய வேண்டியவை

● உயரத்தைப் பார்த்து மலையைத் தேர்ந்தெடுங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், ஏற்காடு 1,500 மீட்டர் அளவுதான். ஊட்டி உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சென்னையைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. திடமான உடம்புக்கு இது உறைக்காது. இதயமோ நுரையீரலோ பழுதானவருக்கு நாலு படி ஏறினாலே தெரிந்துவிடும்.

● இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். "போகலாமா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். மலைப்பாதை நாளில் நீர் மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவது என்று கேளுங்கள். வாந்தி மாத்திரை ஒத்துக்கொள்ளுமா என்றும் கேளுங்கள். அவோமின் போன்றவை வயதானவர்களுக்குத் தூக்கக் கலக்கம் தரும், ப்ராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீரையே அடைத்துவிடலாம்.

● ரயிலில் போங்கள். எழும்பூர்–சேலம் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கிறது, இரவு படுத்தால் காலையில் சேலம். அங்கிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர் அளவுதான், 20 கொண்டை ஊசி வளைவுகள். நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு சென்ட்ரல் வரை போக வேண்டும், பெரியவர்களுக்கு அந்த நகர அலைச்சலே பாதிப் பயணம்.

● டிக்கெட்டை இரண்டிரண்டு பேராகப் போடுங்கள். மூத்தோருக்கான லோயர் பெர்த் ஒதுக்கீடு 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உண்டு, ஆனால் ஒருவராகவோ இருவராகவோ பதிவு செய்தால்தான். அப்பா, அம்மா, நீங்கள், பிள்ளைகள் என்று ஐந்து பேரை ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. மேல் பெர்த் விழுந்துவிட்டால் ராத்திரி முழுக்க யாரிடமாவது கெஞ்ச வேண்டும்.

● கீழ்த்தள அறையாகக் கேளுங்கள், வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். மலை லாட்ஜ்கள் பலவற்றில் லிப்ட் கிடையாது. சரிவில் கட்டியிருப்பதால் 'கீழ்த்தளம்' என்று சொன்ன அறைக்கே 20 படி இறங்க வேண்டியிருக்கும். வாசலிலிருந்து கட்டில் வரை எத்தனை படி, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, பாத்ரூம் தரை வழுக்குமா, வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஏரிக் காட்சியைவிட இந்த நாலு பதில் முக்கியம்.

● முதல் நாளை ஓய்வுக்கு விடுங்கள். மறுநாளிலிருந்து காலையில் ஓர் இடம் போதும். ஏரிக்கரை, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட் எல்லாம் அதிகம் ஏறி இறங்காமல் பார்க்கலாம். மதியம் தூங்கட்டும்.

● மாத்திரைகளை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். ஒன்று தொலைந்தாலும் பி.பி. மாத்திரை தப்பும். மருந்துச் சீட்டை போட்டோ எடுத்து எல்லோர் போனிலும் போட்டுவிடுங்கள்.

● ஊட்டி, கொடைக்கானல்தான் என்று முடிவானால் இ-பாஸ் எடுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் அது கட்டாயம்.

செய்யக்கூடாதவை

● தண்ணீர் குடிக்காமல் வருவதற்குச் சம்மதிக்காதீர்கள். வழியில் பாத்ரூம் கிடைக்காதே என்ற பயத்தில் அம்மாக்கள் காலையிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், வெளியே சொல்லவும் மாட்டார்கள். பிறகு தலைசுற்றல், நீர்க்கடுப்பு. அடிவாரத்தில் சுத்தமான கழிப்பறை பார்த்து நீங்களே வண்டியை நிறுத்துங்கள், அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

● தொடர் விடுமுறையில் போகாதீர்கள். வளைவில் இரண்டு மணி நேரம் வண்டி நின்றால் இறங்கி நிற்கக்கூட இடம் இருக்காது.

● அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலை பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையிலேயே மண் சரிந்தது.

● மலைப்பாதை பழகாத டிரைவரை அமர்த்தாதீர்கள். 2023 செப்டம்பரில் குன்னூர் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் விழுந்து உயிர்கள் போயின, அது மலையிலிருந்து இறங்கி வந்த வண்டி. ஏறுவதைவிட இறங்குவதில்தான் கியரையும் பிரேக்கையும் கையாளத் தெரிய வேண்டும். சேலத்திலேயே உள்ளூர் டாக்ஸி பிடியுங்கள்.

● வாந்தி வருபவரைக் கொல்லிமலைக்குக் கூட்டிப்போகாதீர்கள். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள்.

● ஏற்காடு கிளியூர் அருவி, கொடைக்கானல் டால்பின் நோஸ் பக்கம் இறக்காதீர்கள். இறங்குவது சுலபமாகத் தோன்றும், திரும்பி ஏறும்போதுதான் முட்டியும் மூச்சும் மறுக்கும்.

● மேட்டுப்பாளையத்திலிருந்து முழு மலை ரயில் வேண்டாம். ஊட்டி வரை 46 கிலோமீட்டர், ஏறக்குறைய 5 மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். ஆசை இருந்தால் குன்னூர்–ஊட்டி பகுதி மட்டும் ஏறட்டும், அதுவே மனசு நிறையும்.

● மூடிய அறையில் கரி அடுப்பு வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கூடுதல் கம்பளி கேளுங்கள்.

● விடியற்காலையில் தனியாக வாக்கிங் அனுப்பாதீர்கள். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும். கொடைக்கானல், குன்னூர் தெருக்களில் காட்டெருமையும் நடமாடும்.

● நெஞ்சு அடைத்தால் "வாயுதான்" என்று சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள். பெரியவர்கள் உங்கள் சுற்றுலா கெடக்கூடாதே என்று வலியை மறைப்பார்கள். வியர்த்தாலோ, இடது கையோ தாடையோ வலித்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மேலே முதலுதவி முடிந்ததும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை இறங்க நேரம் பிடிக்கும். அதனால் ஒரு நிமிடத்தையும் வீணாக்காதீர்கள்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா அப்பாவைக் கேட்டு, வார நாளாகப் பார்த்துத் தேதியைக் குறித்துவிடுங்கள்.