இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பார்த்தீர்களா?

அமெரிக்காவில் பழைய பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. தொழிற்சாலையில் முதலில் ஹீட்டர் கோரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்களாம். அப்புறம் அதைச் சுற்றி வண்டியைக் கட்டி முடிப்பார்களாம். அந்தச் சாமானை ஒரு முறை மாற்றியவர் இதைக் கேட்டுச் சிரிப்பார். மாற்றப்போகிறவருக்கு வயிற்றைக் கலக்கும்.

ஹீட்டர் கோர் ஒரு குட்டி ரேடியேட்டர், அவ்வளவுதான். எஞ்சினில் சூடேறிய கூலன்ட் ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கோருக்குள் நுழைந்து, இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பிப் போகும். நடுவே விசிறி காற்றை அதன் மேல் ஊத, கேபினுக்குள் வெதுவெதுப்பு வரும். இவ்வளவு எளிய சாமானைச் சுற்றி எத்தனை நம்பிக்கைகள்!

நம்பிக்கை: சூடு வரவில்லையா, கோர் போய்விட்டது.

உண்மை: பெரும்பாலும் பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட்டு, கோருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். விசிறியும் பெல்ட்டும் சுழலும் இடம். கையும் சட்டையும் பத்திரம்.

இரண்டுமே வெதுவெதுப்பைத் தாண்டவில்லை என்றால் கூலன்ட் குறைந்திருக்கலாம்; தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். தெர்மோஸ்டாட் சுமார் 90 டிகிரி செல்சியஸ் வரை மூடியிருந்து எஞ்சினைச் சூடேற்ற வேண்டியது. அது மூடாமல் போனால் குளிர்நாட்டு நெடுஞ்சாலையில் எஞ்சினே சரியாகச் சூடாகாது. கேபினுக்கு எங்கிருந்து சூடு வரும்? ஒன்று கொதித்து மற்றது சில்லென்று இருந்தால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. சில வண்டிகளில் ஹோஸின் நடுவே ஒரு வால்வு இருக்கும். அது திறக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டுமே கொதிக்கின்றனவா? அப்படியானால் கோர் தன் வேலையைச் செய்கிறது. குற்றவாளி, சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலந்துவிடும் உள் கதவு. 1994 முதல் 2001 வரை வந்த டாட்ஜ் ராம் வண்டிகளில் அந்தப் பிளாஸ்டிக் கதவு அச்சில் உடைந்துபோவது பலரும் அறிந்த நோய். கதவு உடைந்ததற்குக் கோரை மாற்றியவர்கள் உண்டு. புதுக் கோரும் குளிர்காற்றுமாக அவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

நம்பிக்கை: கால்மிதியில் ஈரம் என்றால் கோர் ஒழுகுகிறது.

உண்மை: மூன்று வழியாக ஈரம் வரலாம். ஏசி வடிகால் குழாய் அடைத்தாலும் தண்ணீர் உள்ளே வழியும். முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள இடுக்கு வழியாக மழைத் தண்ணீரும் இறங்கும். விரலால் தேய்த்துப் பாருங்கள். தண்ணீருக்குப் பிசுபிசுப்பும் வாசனையும் கிடையாது. கூலன்ட் வழவழப்பாக, நிறத்தோடு, இனிப்பு வாசனையோடு இருக்கும். கோர் லீக்கானால் கண்ணாடியின் உட்புறத்திலும் துடைக்கத் துடைக்க ஒரு பிசுக்குப் படலம் படியும். நாயும் பூனையும் கூலன்டை நக்கிவிடுவதுண்டு. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். வடித்த கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நிமிடம்கூட விட்டுவைக்காதீர்கள்.

நம்பிக்கை: எந்த வண்டியானாலும் டாஷ்போர்டு முழுவதையும் பிரிக்க வேண்டும்.

உண்மை: வண்டியைப் பொறுத்தது. 1987 முதல் 1996 வரையிலான ஃபோர்டு எஃப்-150 வண்டியில் கிளவ் பாக்ஸை இறக்கினால் அதன் பின்னால் ஒரு மூடி தெரியும். எஞ்சின் பக்கம் ஹோஸ்களைக் கழற்றி, மூடியின் திருகுகளை எடுத்தால் கோர் கைக்கு வந்துவிடும். நிதானமாகச் செய்பவருக்கும் ஒரு மதியப்பொழுது போதும்.

மேலே சொன்ன டாட்ஜ் ராம் வேறு சாதி. அதில் ஸ்டீயரிங் தண்டை இறக்கி, டாஷ்போர்டைப் பின்னுக்குச் சாய்த்து, ஹீட்டரும் ஏசியும் ஒன்றாக அமர்ந்திருக்கும் பெட்டியையே வெளியே எடுக்க வேண்டும். பெட்டி வெளியே வர ஏசி குழாயைப் பிரிக்க வேண்டும். குழாயைப் பிரிக்குமுன் அதிலுள்ள வாயுவை உரிய இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதைக் காற்றில் திறந்துவிடுவது அமெரிக்கத் தூய காற்றுச் சட்டப்படி குற்றம். ஏர்பேக் உள்ள வண்டியானால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்த பிறகுதான் ஸ்டீயரிங் பக்கம் கை போகலாம்.

கோரின் விலை இரண்டு வண்டிக்கும் ஏறக்குறைய ஒன்றே. கூலியில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆகவே வண்டியின் ஆண்டையும் மாடலையும் வைத்து சர்வீஸ் கையேட்டைப் பார்த்துவிட்டுப் பயப்படலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

நம்பிக்கை: லீக் அடைக்கும் மருந்து ஒரு புட்டி ஊற்றினால் போதும்.

உண்மை: மருந்துக்கு எது ஓட்டை, எது வழி என்று தெரியாது. கோரின் உள்ளே இருப்பவை மெல்லிய குழாய்கள். ஓட்டையில் சேரும் பிசின் அவற்றிலும் சேரும். லீக் நின்றதோடு சூடும் நின்றுபோனால் யாரைக் குறை சொல்வது? நடுவழியில் வீடு சேர ஒரு வழி என்ற அளவில்தான் அதற்கு மரியாதை.

நம்பிக்கை: இரண்டு ஹோஸ்களையும் ஒன்றாக இணைத்துவிட்டால் கோரே வேண்டாம்.

உண்மை: எஞ்சினைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் ஒத்துவரும் தற்காலிக வழி. ஆனால் ஹீட்டர் காலைச் சூடாக்க மட்டும் வைத்ததில்லை. முன் கண்ணாடியில் படியும் உறைபனியையும் ஆவிப் படலத்தையும் நீக்குவது அதே சூடான காற்றுதான். அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி 103 அதற்கென்றே இருக்கிறது. ஜூலையில் இப்படி இணைத்துவிட்டு மறந்தவர், நவம்பர் காலையில் கண்ணாடியை உள்ளும் புறமும் சுரண்டிக்கொண்டு நிற்பார்.

நம்பிக்கை: அடைத்த கோரைத் தோட்டத்து ஹோஸால் பீய்ச்சி அடித்தால் சரியாகிவிடும்.

உண்மை: வீட்டுக் குழாயில் தண்ணீர் பொதுவாக 40 முதல் 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வரும். ரேடியேட்டர் மூடியோ சுமார் 13 முதல் 16 பிஎஸ்ஐயில் திறந்துகொள்ளும். அந்த அழுத்தத்துக்கே பழகிய முப்பது வயதுக் கோர், குழாயை முழுதாகத் திறந்தால் கிழிந்துவிடலாம். கூலன்ட் வெளியேறும் பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். ஹோஸைக் கழற்றும்போதும் முறுக்கி இழுக்காமல், நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்தெடுங்கள். ஹோஸ் மலிவு, கோரின் மூக்கு உடைந்தால் வேலை இரட்டிப்பு.

நம்பிக்கை: கூலன்டைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் குளிரை இன்னும் தாங்கும்.

உண்மை: நேர் எதிர். தனி எத்திலீன் கிளைக்கால் சுமார் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். பாதிக்குப் பாதி வாலைவடிநீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். நிறத்தை நம்பியும் ஊற்றாதீர்கள். பச்சை, ஆரஞ்சு என்பதெல்லாம் கம்பெனி போடும் சாயம். ஒரே நிறத்தில் வேறு வேறு சேர்மானங்கள் வருகின்றன.

நம்பிக்கை: புதுக் கோர் மாட்டியாயிற்று, வேலை முடிந்தது.

உண்மை: பழையது ஏன் ஓட்டையானது என்று கேட்காவிட்டால் புதியதும் அதே வழியில் போகும். ஆண்டுக்கணக்கில் மாற்றாத கூலன்டில் துருத்தடுப்பு மருந்து தீர்ந்து, உலோகத்தை அரிக்கத் தொடங்கும். எர்த் வயர் பழுதானால் மின்சாரம் கூலன்ட் வழியாகத் தன் பாதையைத் தேடிக்கொள்ளும், அதுவும் அரிக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதைக் கூலன்டிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த் வயரையும் கூலன்டையும் கவனியுங்கள்.

கடைசியாக, வண்டியை முகம் மேலே தூக்கியபடி சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட்டு, காற்றுக் குமிழ்கள் அடங்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். குறையும் கூலன்டை நிரப்புங்கள். பிறகு ஆரம்பத்தில் செய்த அதே சோதனை: இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கையைச் சுட்டால், கிளவ் பாக்ஸை மூடலாம்.