லூ சுன்னின் தாயார் விரும்பிப் படித்த நாவலாசிரியர்

1934ஆம் ஆண்டு மே மாதம், நவீன சீன இலக்கியத்தின் முன்னோடியான லூ சுன், ஷங்ஹாயிலிருந்து பெய்பிங்கில் (இன்றைய பீஜிங்) வாழ்ந்த தம் தாயாருக்குக் கடிதம் எழுதினார். தாயாருக்காக நாவல்கள் வாங்கி அனுப்பியிருப்பதாக அதில் அறிவித்தார். அவை அவரது நூல்கள் அல்ல. சாங் ஹென்ஷுயி என்பவரின் நாவல்கள். தாம் அவற்றைப் படித்ததில்லை என்றும் கூறியிருந்தார். தானாகவே எழுத்தறிவு பெற்ற அந்தத் தாய்க்கு மகனுடைய கதைகளைவிட இந்தக் காதல் கதைகளே பிடித்திருந்தன.

காதல் நாவல் என்றால் முகம் சுளிப்பவர்கள் எங்குமுண்டு. அன்றைய சீனப் புத்திலக்கியவாதிகள் இத்தகைய எழுத்தாளர்களை ‘மாண்டரின் வாத்தும் வண்ணத்துப்பூச்சியும்’ என்று கேலியாகப் பெயரிட்டு ஒதுக்கினர். இரண்டும் சீனக் கவிதையில் காதல் சோடிகளுக்கு உவமையாக வருபவை. சாங் ஹென்ஷுயியும் அந்தப் பெயருக்குள் அடைக்கப்பட்டவர்தான். அவரது வாழ்க்கையைப் பார்த்தால் அந்தக் கேலி எவ்வளவு பொருந்தும் என்பது ஓரளவு விளங்கும்.

1895இல் பிறந்த அவரது இயற்பெயர் சாங் சின்யுவான். 1912இல் தந்தை திடீரென இறந்தபோது அவருக்கு வயது பதினேழு. எமது உயர்தர வகுப்பு வயதுதான்! மேற்படிப்புக் கனவு அத்துடன் கலைந்தது. மூத்த மகன் என்பதால் தாயாரும் தம்பி தங்கையரும் அவர் பொறுப்பாயினர். ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவில் சேர்ந்தார். பின்னர் வூஹு நகரில் பத்திரிகையாசிரியரானார். 1919இல் பீஜிங் சென்றார். காதலைப் பாடவேண்டும் என்ற ஆசை மட்டுமல்ல, வீட்டுச் செலவும் அவரை எழுத வைத்தது. ஒரே காலத்தில் பல தொடர்கதைகளை எழுதிய அவர், வாழ்நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதி முடித்தார்.

1924இல் பீஜிங் மாலைப் பத்திரிகையொன்றில் தொடங்கிய ‘சுன்மிங் வைஷி’ அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அடுத்து வந்த ‘ஜின்ஃபென் ஷிஜியா’ பிரதம மந்திரி குடும்பத்து இளைஞனை மணந்த ஏழைப் பெண் லெங் சிங்சியுவின் கதை. கவிதை எழுதத் தெரிந்த அவள், கணவனின் அலட்சியத்தைச் சகித்துச் சாகவில்லை. வீடு தீப்பற்றிய வேளையில் குழந்தையுடன் வெளியேறி, எழுத்தோவியம் எழுதி விற்றுப் பிழைக்கிறாள். காதல் கதை என்று எடுத்தால், உள்ளே இருப்பது திருமணத்துக்குப் பின்னான கதை! இந்நாவல் நூலாவதற்குள் ஆசிரியர் தம் இரு சிறு பெண்மக்களைச் செங்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரம் முன்னுரையில் பதிவாகியுள்ளது.

அவரது புகழின் உச்சம் 1930இல் ஷங்ஹாயின் ‘சின்வென் பாவ்’ பத்திரிகையில் வந்த ‘திஷியாவ் யின்யுவான்’. கண்ணீரும் சிரிப்பும் கலந்த விதி என்று பொருள் கொள்ளலாம். சந்தைப் பகுதியில் மேளம் தட்டிக் கதைப்பாடல் பாடும் ஏழைப்பெண் ஷென் ஃபெங்ஷியை மாணவன் ஃபான் ஜியாஷு காதலிக்கிறான். அவள் படிப்புக்கும் உதவுகிறான். அவன் ஊருக்குப் போன நேரத்தில் லியூ என்ற இராணுவத் தளபதி அவளைத் தன் மாளிகைக்கு வரவழைக்கிறான். அச்சம் பாதி, நகையும் பணமும் பாதியாக அவள் இணங்கிவிடுகிறாள். பின்னர் தளபதியின் சவுக்கடியில் அவளுக்குப் புத்தி பேதலிக்கிறது. அவளை முழு நிரபராதியாகவோ முழுப் பேராசைக்காரியாகவோ ஆசிரியர் காட்டவில்லை. அதுவே இந்நாவலில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. யுத்தப் பிரபுக்கள் ஆண்ட அந்தக் காலத்தில் ஏழைப் பெண்ணுக்கு ‘இல்லை’ என்று சொல்ல எவ்வளவு இடம் இருந்தது?

தளபதியைக் கொல்பவள் குவான் ஷியூகு என்ற வீரப்பெண். வாள்வீச்சு இல்லாத தொடரை ஷங்ஹாய் வாசகர்கள் விரும்பமாட்டார்கள் என்று பத்திரிகையாசிரியர் கேட்டதால் சேர்க்கப்பட்ட பாத்திரம் அவள். (சேர்த்ததும் நல்லதாயிற்று!) படமெடுக்கும் உரிமைக்காக இரு சினிமாக் கம்பனிகள் மோதிக்கொண்டன. 1932இல் நடிகை ஹூ தியெ நடித்த படம் வெளிவந்தது. இரண்டாம் பாகம் கேட்டு வாசகர் கடிதங்கள் குவிந்தன. அவர் மறுத்தார், வேறு பலர் தாமே எழுதி விற்றார்கள். இறுதியில் 1933இல் அவரே எழுதினார்.

ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. கட்டாயத் திருமணங்களில் நொந்த பெண்களை எழுதிய இவருக்கே தாயார் பேசி முடித்த முதல் மனைவி இருந்தார். அத்திருமணத்தில் அவர் மனம் ஒட்டவில்லை. அதன்பின் ஹூ சியூஷியாவையும், தம் நாவல்களை விரும்பிப் படித்த மாணவி சோ நானையும் மணந்தார். முதல் மனைவியின் பக்கத்திலிருந்து ஒரு நாவல் எழுதப்பட்டிருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

ஜப்பானிய யுத்தத்தின்போது சோங்சிங் நகருக்குச் சென்று, ஊழல் அதிகாரிகளைக் கிண்டல் செய்யும் ‘எண்பத்தொரு கனவுகள்’ எழுதினார். ‘வண்ணத்துப்பூச்சி’ என்று ஒதுக்கியவர்களும் அப்போது அவரை மதிக்கத் தொடங்கினர். 1949இல் பாரிசவாதம் பேச்சையும் நினைவையும் பாதித்தது. மெல்லத் தேறி, பழைய நாட்டார் காதல் கதைகளை மீண்டும் எழுதினார். 1959இல் சோ நான் மறைந்தபின் அவர் நினைவாகக் கவிதைகள் எழுதினார். 1967 பெப்ரவரியில் பீஜிங்கில் காலமானார்.