ஒளியில் இறுகும் தாவரப் பிசின்: பிரியுமா, உக்குமா?

மன்னார்த் தீவின் மரக்கறித் தோட்டங்களிலும் கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள வயல்களிலும் இன்று பிளாஸ்டிக் பொருள் புகாத இடம் அரிது. 2025ஆம் ஆண்டு மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் மூழ்கியபின், அடுத்த மாதம் மன்னார்க் கரையிலும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. மண்ணிற் கலந்த துகளை முற்றாகப் பிரித்தெடுத்தல் இயலாது. ஆதலின், “தாவரத்திலிருந்து செய்யப்பட்டது” என்னும் பெயரைக் கண்ட அளவில் ஒரு பொருளை நம்பிவிடலாகாது.

இறுகும் விதம்

பல் வைத்தியர் பற்குழியில் இடும் பசை, நீல ஒளி பட்டதும் சில வினாடிகளில் இறுகுகின்றது. முப்பரிமாண அச்சு இயந்திரங்களிலும் இத்தகைய பிசின் பயன்படுகின்றது. ஒளியினால் பசையின் மூலக்கூறுகள் பிணைந்து வலைபோலாகின்றன.

பனங்கட்டியை உருக்கி மீண்டும் வார்க்கலாம். சுட்ட செங்கல் மீண்டும் களிமண்ணாகாது. வழக்கமான பிசின் செங்கலை ஒத்தது. சோயா எண்ணெயிலிருந்து செய்யும் பிசினும் பொதுவாக இவ்வாறே இறுகிவிடும், உருகாது.

பிரியும் விதம்

2024இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர் வேறு வழி காட்டினர். அவர்கள் லிப்போயிக் அமிலத்துடன், மாப்பொருட் சீனியிலிருந்து பெறும் ஐசோசோர்பைட்டையும் புதினாவில் உள்ள மெந்தோலையும் பயன்படுத்தினர். இவ்வமிலத்தில் இரு கந்தக அணுக்கள் கொண்ட வளையம் உண்டு. ஒளியில் அது திறந்து அயல் மூலக்கூறுடன் பிணைகின்றது. தக்க இரசாயன முறையில் பக்குவப்படுத்தின், பிணைப்பு விடுபட்டு வளையம் மீண்டும் மூடுகின்றது. பசை திரும்பக் கிடைக்கின்றது. அதைக்கொண்டு மறுபடியும் பொருள் வார்க்கலாம்.

ஆயினும் இது தொழிற்கூடத்தில் நடைபெறும் வேலை. வயலில் தானே நிகழ்வதன்று. பிரித்தெடுக்கத்தக்க பிசின் என்பதால் அது மண்ணில் உக்கும் என்று கொள்ளலாகாது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. பொருள் எதனால் ஆனது என்பதோடு, பழுதானபின் அதனை மீளப் பெறுவோர் யார் என்பதையும் வாங்குமுன் கேட்டறிக.

2. உடைந்த பிசின், பிளாஸ்டிக் துண்டுகளைக் கூட்டெருக் குழியில் இடலாகாது, எரித்தலும் ஆகாது. எரிப்பின் நச்சுப் புகை எழும்.

3. இறுகாத பிசின் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். கையுறையின்றித் தொடலாகாது. தீவின் மணற்றரையில் நீர் விரைந்து சுவறும். ஆதலால் கிணற்றருகே அதனை ஊற்றுதல் குடிநீரைக் கெடுக்கும்.

4. கழிவுகளை வகைப்படுத்தி, உலர்ந்த சாக்கில் சேர்த்து, சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். கலந்துவிட்ட கழிவிலிருந்து எந்தப் பிசினையும் மீட்பது கடினம்.