காற்றில்லாமல் அழுகும் குப்பையும் நம் பிள்ளைகளின் மூச்சும்

ஊரையும் வயலையும் விட்டு வந்து கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு வீடு, தொழில், பிள்ளைகளின் படிப்பு என்று கவலைகள் பல. இவற்றுக்கிடையே மெதேன் என்ற வாயுவைப் பற்றி ஏன் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகளின் மூச்சோடும், நாளை நாம் செய்யவிருக்கும் விவசாயத்தோடும் தொடர்புடைய விடயம் இது. ஆகவே இம்முறை இதனையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

மெதேன் எவ்வாறு உண்டாகிறது?

ஈரமான பொருள் காற்றுப் படாமல் அழுகும்போது, ஒட்சிசன் இன்றி வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மெதேனை வெளிவிடுகின்றன. நீர் தேங்கிய வயற்சேற்றில் கால் வைத்தால் குமிழி எழுவதைக் கண்டிருப்பீர்கள். அதில் இந்த வாயு உண்டு. மாடு அசைபோடும்போது ஏப்பமாகவும் வெளிவருகிறது. நிலக்கரிச் சுரங்கம், எண்ணெய்க் கிணறு ஆகியவற்றிலிருந்தும் உலகெங்கும் பெருமளவில் கசிகிறது.

கண்டி நகரின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கட்டுகஸ்தோட்டைக்கு அருகே கொஹாகொடையில், மகாவலிக் கரையோரமாகக் கொட்டப்பட்டு வந்திருக்கிறது. நம் நாட்டு நகரக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது சோறு, மரக்கறிக் கழிவு, இலை போன்ற அழுகும் பொருளே. மேலே புதுக் குப்பை விழ விழ, அடியில் கிடப்பதற்குக் காற்றுக் கிடைப்பதில்லை. மெதேன் மேலே எழுகிறது. கழிவுநீர் ஆற்றை நோக்கிக் கசிகிறது. நம் குடியிருப்பின் பின்புறத்திலுள்ள குப்பைக் குழியும் ஒரு சிறிய கொஹாகொடைதான்.

பிள்ளைகளுக்கு என்ன தீங்கு?

வெளிக்காற்றில் கலந்த மெதேன் நேரடியாக நஞ்சாவதில்லை. ஆனால் வெயிலும் வாகனப் புகையும் சேரும்போது, நிலத்துக்கு அண்மையில் ஓசோன் உருவாக அது காரணமாகிறது. உயரத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், நாம் மூச்சுவிடும் இடத்தில் நுரையீரலைப் புண்படுத்துகிறது. தொய்வுள்ள பிள்ளைகளை மேலும் வருத்துகிறது. பயிரின் விளைச்சலையும் குறைக்கிறது. குப்பைக் குழி தீப்பற்றினால் வரும் புகை இன்னும் கொடியது. கண்டி மலைகள் சூழ்ந்த பள்ளம் ஆதலால் புகை எளிதில் கலைந்து போவதில்லை.

20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மெதேன் ஒரு கிலோ காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. எனினும் அது காற்றில் தங்குவது ஏறத்தாழ 12 ஆண்டுகளே. இன்று குறைத்தால் நம் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் முன்னரே பலன் தெரியும். இதனாலேயே 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் பல நாடுகள், 2030க்குள் மெதேனை 2020இன் அளவிலிருந்து 30 வீதம் குறைப்பதென உறுதி எடுத்தன.

நாம் செய்யக்கூடியவை

1. சமையற் கழிவைப் பொலித்தீனோடு கலக்காமல் வேறாக்குவோம். சொந்தக் காணி இல்லாவிட்டாலும், சுற்றிலும் துளையிட்ட பழைய பீப்பாய் ஒன்றை நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வைக்கலாம். ஒரு படை கழிவு, ஒரு படை காய்ந்த சருகு என இட்டு, கிழமைக்கு ஒருமுறை கிளறினால் காற்றுப் புகும். காற்றுப் புகுந்தால் மெதேன் குறையும். இரண்டு மூன்று மாதங்களில் நல்ல கூட்டெரு கிடைக்கும்.

2. மாடு வளர்ப்போர் சாணத்தையும் நீரையும் சம அளவில் கலந்து மூடிய தொட்டியில் இட்டால், வெளியேறும் மெதேனே அடுப்பெரிக்கும். விறகுப் புகை குறையும். எஞ்சும் கரைசல் பசளையாகும். தொட்டியருகே தீயோ பீடியோ கூடாது.

3. குத்தகைக்கு வயல் செய்வோர் எப்போதும் நீர் கட்டி வைக்கத் தேவையில்லை. நாற்று வேர்பிடித்த பின், துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர் மட்டம் நிலத்துக்குக் கீழ் 15 சென்டிமீற்றர் இறங்கியதும் மீண்டும் பாய்ச்சலாம். பூக்கும் காலத்தில் மாத்திரம் நீர் குறையக் கூடாது. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை இது. நீரும் மிச்சம், மெதேனும் குறைவு.

பெரும் பங்கு மெதேனை வெளியிடுவோர் நாம் அல்ல என்பது உண்மையே. வசதி படைத்த நாடுகளும் எண்ணெய்க் கம்பனிகளும் தம் பொறுப்பைச் செய்தாக வேண்டும். தரம் பிரித்துக் குப்பை எடுக்கும்படி பிரதேச சபையிடம் கேட்பதும் நம் உரிமை. தற்காலிகக் குடியிருப்பில் வாழ்கிறோம் என்பதற்காக நம் பிள்ளைகளின் மூச்சும் இரண்டாம்தரமாகிவிட முடியாது. ஆனால் வேறாக்கிய வாளியோடு போய்க் கேட்கும்போது நம் சொல்லுக்கு வலு கூடும்.

குழுவில் கலந்துரையாட

1. நம் குடியிருப்பின் சமையற் கழிவு இப்போது எங்கே போகிறது? அங்கே தீ வைக்கப்படுகிறதா?

2. எந்தெந்தக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பீப்பாய் வைக்கலாம்? கிளறும் பொறுப்பை யார் ஏற்பது?

3. கிடைக்கும் கூட்டெருவைக் கொண்டு, இருக்கும் சிறு இடத்தில் என்ன பயிரிடலாம்?